ஸ்டீயரிங் ஏன் ஆடுது மாமா?

இந்த வாரம் கார் ஏசி பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். மன்னிச்சிடுங்க மக்களே, அது அடுத்த வாரம். நடுவில் ஊருக்குப் போய் வந்தேன். அங்கே மாமாவின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பார்த்ததை முதலில் சொல்லியே ஆகணும்.

மாமாவுக்கு வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் மலை மேலே பூப்பாறைப் பக்கம். தோட்டத்துக்குள் போகிற பாதை பாதி பாறை, பாதி சேறு. அதற்காகவே இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்று வாங்கினார். அதில்தான் அன்று மதுரைக்குக் கிளம்பினோம். உசிலம்பட்டி ரோட்டில் வேகம் 85-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் மாமா கையிலேயே தடதடவென நடுங்கியது.

"ஏன் மாமா ஆடுது?"

"அது மலையில ஓடுற வண்டி மாப்ள. அப்படித்தான் இருக்கும். போன மாசம்தான் அலைன்மென்ட் பார்த்தேன்."

இங்கேதான் நம்மில் பல பேர் குழம்புகிறோம். அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், அலைன்மென்ட்டைச் சந்தேகப்படலாம். குறிப்பிட்ட வேகம் வந்ததும் நடுங்க ஆரம்பித்தால், முதல் சந்தேகம் பேலன்சிங் மேல். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கணும். முன் சக்கரத்தில் பேலன்ஸ் போனால் ஸ்டீயரிங் நடுங்கும். பின் சக்கரம் என்றால் சீட்டும் தரையும் அதிரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதினிக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் மதுரையிலிருந்து மதினியை இதே வண்டியில் போடிக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்: "புள்ளத்தாச்சிய இந்த ஆட்டத்துல கூட்டிட்டு வரவா?" மறுநாள் காலையிலேயே டயர் கடையில் நின்றோம்.

கடைக்காரத் தம்பி மெஷின் பக்கமே போகவில்லை. நான்கு சக்கரத்தையும் கழற்றி, உள்பக்கத்தைப் பிரஷர் வாஷரில் அடித்தார். முன் ரிம் இரண்டின் உட்புறத்திலிருந்தும் காய்ந்த செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. மேல்பக்கம் வாட்டர் வாஷ் செய்கிறோமே தவிர, ரிம்முக்கு உள்ளே யார் பார்க்கிறார்கள்? சேற்றில் இறங்கும் வண்டிகளுக்கு நடுக்கம் வர இது ரொம்ப சாதாரணமான காரணம்.

கொஞ்சம் மண்ணுக்கு இவ்வளவு ஆட்டமா என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டேன். மாமா வண்டி டயர் சைஸ் 255/65 ஆர் 18. அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவிகிதம், ரிம் 18 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 சுற்று. ரிம்மின் ஓரத்தில் வெறும் 30 கிராம் மண் ஒட்டியிருந்தால், அந்த வேகத்தில் சுமார் மூன்றரை கிலோ விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும், அதுவும் நொடிக்கு 11 தடவை. 50-ல் போனால் இந்த விசை கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரிவதில்லை.

மண்ணை எடுத்துவிட்டு, பழைய வெயிட்டுகளைப் பிடுங்கி, மெஷினில் சுற்றிப் புது வெயிட் ஒட்டினார். இங்கே ஒரு டிப்ஸ். பெரிய சக்கரங்களை மெஷினில் சரியாக நடுவில் மாட்டாவிட்டால் அது தப்புக் கணக்குச் சொல்லும். முடித்த பிறகு சக்கரத்தைக் கழற்றி, திரும்ப மாட்டி, இன்னொரு தடவை சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யம் காட்டினால் ஓகே. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். ஏகப்பட்ட வெயிட் கேட்டால், டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்ப்பதும் உண்டு.

இதோடு கிளம்பியிருக்க வேண்டியது. "அண்ணே, இங்க வாங்க" என்று தம்பி கூப்பிட்டார்.

பின்பக்கம் இடது டயர். வண்டியில் மாட்டியிருக்கும்போது கண்ணுக்கே படாத உள்பக்கச் சுவரில், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வீக்கம். அந்த டயர் நடுங்கவும் இல்லை, காற்று இறங்கவும் இல்லை. முன் சக்கரத்து மண் ஸ்டீயரிங்கை ஆட்டியிருக்காவிட்டால், இதை யாருமே பார்த்திருக்க மாட்டோம்.

டயரில் ரோட்டைத் தொடுகிற பகுதிக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் இருக்கிறது. பக்கச் சுவரில் அது கிடையாது. ரப்பருக்குள் ஒன்றோ இரண்டோ அடுக்கு நூல் இழைகள்தான் மொத்தக் காற்றையும் தாங்குகின்றன. கல்லில் இடித்து அந்த இழைகள் அறுந்தால், அந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ரப்பர் மட்டும்தான். அதுதான் வெளியே உப்பிக்கொண்டு தெரிகிறது. எப்போது வெடிக்கும் என்று சொல்லவே முடியாது. ஆள் ஏற்றி, வெயிலில், ஹைவேயில் வேகமாகப் போகும்போது ஆபத்து இன்னும் அதிகம். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் செய்யவிருந்தது அதேதான்.

"காத்து எவ்வளவு வைப்பீங்க அண்ணே?" என்று தம்பி கேட்டதும் மாமா மெதுவாக, "தோட்டத்துக்குப் போறப்ப 20-க்கு இறக்கிடுவேன். குலுங்காது" என்றார். சேற்றிலும் மணலிலும் காற்றைக் குறைப்பது நல்ல வழிதான், பிடிமானம் கூடும். ஆனால் பாறை வந்தால் கதை மாறும். காற்று குறைந்த பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அது நசுங்கினால் இழை அறுந்துவிடும். அந்த இடத்தில் ஆமை வேகம்தான் சரி. திரும்ப ரோடு ஏறியதும் காற்றை நிரப்பிவிடணும், இல்லையென்றால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்.

நீங்களும் இப்போதே போய் டயரைத் தடவிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். குறுக்கே லேசாகப் பள்ளம் போல ஒரு கோடு தெரிந்தால் பயப்படாதீர்கள். உள்ளே இழைகள் ஒன்றன் மேல் ஒன்று சேரும் இடம் அது. வெளியே புடைத்திருந்தால்தான் பிரச்னை. வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

மாமா விடவில்லை. "உள்ள ஒரு பேட்ச் போட்டா ஆகாதா?" ஆகாது. பஞ்சர் ஒட்டுவதெல்லாம் ரோட்டைத் தொடும் பகுதிக்கு மட்டும்தான். பக்கச் சுவர் ஓடும்போதெல்லாம் மடங்கி நிமிர்வதால் ஒட்டு நிற்காது, அறுந்த இழையும் சேராது.

சரி, ஒரு டயர் மட்டும் மாற்றலாமா? ஃபோர் வீல் டிரைவில் அதிலும் சிக்கல். புது டயரின் ரப்பர், தேய்ந்ததைவிட 5 மில்லிமீட்டர் உயரமாக இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் 31 மில்லிமீட்டர் கூடுதலாக ஓடும். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் இப்படி இருந்தால் டிஃபரன்ஷியலுக்கு ஓய்வே கிடையாது. அதனால் பின்பக்கத்துக்கு ஜோடியாக இரண்டு வாங்கினோம். கழற்றியதில் நன்றாக இருந்த ஒன்று ஸ்டெப்னி ஆனது. முன்னும் பின்னும் வித்தியாசம் இருப்பதால், தார் ரோட்டில் ஃபோர் வீல் மோடைப் போடவே கூடாது என்று தம்பி மாமாவிடம் இரண்டு முறை சொன்னார். தயாரான தேதியையும் பார்த்தே வாங்கினோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-வது வாரம்.

பில்லைப் பார்த்ததும் மாமா அந்த வீங்கிய டயரைத் திரும்பக் கேட்டார். "சும்மா கிடக்கட்டுமே தம்பி, அவசரத்துக்கு ஆகும்."

தம்பி பதில் சொல்லாமல் கத்தியை எடுத்து வீக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இத முழுசா விட்டா, யாராவது கழுவி கறுப்பு பாலிஷ் போட்டு வித்துருவாங்கண்ணே. எந்த வண்டில மாட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். உசிலம்பட்டி தாண்டி 90 தொட்டதும் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் காட்டினேன். "ரெண்டு கையாலயும் பிடிடா" என்று பின்சீட்டிலிருந்து மதினி கத்தினார்.