களவு போகும் கார்கள்: பூட்டுப் போடவேண்டியவர் யார்?

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது மக்களுக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. பனி கொட்டும் அதிகாலையில் தொழிற்சாலைக்குச் செல்வதற்கும், இரவு வேலை முடிந்து வீடு திரும்புவதற்கும், பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துச் செல்வதற்கும் அது இன்றியமையாதது. இவ்வாறு உழைத்து நிமிர்ந்த குடும்பங்களின் இளைய தலைமுறையினர் சிலர், தம் மனம் விரும்பிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தவணை முறையில் வாங்குகின்றனர். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் வாங்கும் அந்த ஆசையைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தக் கார் வீட்டு வாசலிலிருந்து ஓரிரு நிமிடங்களில் ஓசையின்றி மறைந்துபோனால் அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்வி கனடா, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் அண்மைய ஆண்டுகளாக வலுத்து வருகின்றது.

இக்கேள்விக்கு அதிகாரத்தில் உள்ளோரிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் பதில், உரிமையாளரே விழிப்பாக இருக்கவேண்டும் என்பதாகும். விழிப்பு அவசியமே, அதற்கான வழிகளை நாம் கீழே தருகின்றோம். எனினும், கார்த் திருட்டு பெருமளவில் குறைந்த காலங்களை உற்று நோக்கினால், தனியாட்களின் விழிப்பை விடவும் காருக்குள்ளேயே பூட்டைப் பொருத்தச் செய்த சட்டங்களும் பொதுத் திட்டங்களுமே அதைச் சாதித்தன என்பது புலனாகும்.

கனடாவில் நிகழ்ந்தது

கனடாவில் 2022 ஆம் ஆண்டில் 1 இலட்சத்து 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திருடப்பட்டன. ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாகனம் என்பது இதன் பொருள். எமது மக்கள் செறிந்து வாழும் ரொறன்ரோ நகரில் மட்டும் 2023 இல் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் களவு போயின. அவ்வாண்டில் திருட்டுக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் நாடு முழுவதும் வழங்கிய இழப்பீடு 150 கோடி டொலர். இதில் 100 கோடிக்கும் அதிகமானது ஒன்ராறியோ மாகாணத்துக்குரியது. இப்பணம் வானத்திலிருந்து விழவில்லை. காரே களவு போகாத குடும்பங்களும் செலுத்தும் காப்புறுதிக் கட்டணத்திலிருந்தே அது பெறப்படுகின்றது.

எண்ணிக்கையில் அதிகம் திருடப்படுபவை சாதாரணக் குடும்ப வாகனங்களே. ஆனால் விகிதாசாரப்படி பார்த்தால் ஸ்போர்ட்ஸ் கார்களின் நிலை மிக மோசமானது. அமெரிக்காவில் 2020 முதல் 2022 வரையான மாதிரிகளை ஆராய்ந்தபோது, டொட்ஜ் சார்ஜர் ஹெல்கற் வகைக் காரின் திருட்டு விகிதம் சராசரியைப் போல் 60 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2022 முதல் 2024 வரையான மாதிரிகளில் செவ்ரோலே கமாரோவின் உயர்வலு வகை 39 மடங்குடன் முதலிடம் பிடித்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2023 இன் முற்பகுதியில் ஏழு கமாரோக்கள் திருடப்பட்டிருந்தன. 2024 இன் அதே காலப்பகுதியில் அந்த எண்ணிக்கை 90 ஆக உயர்ந்தது.

கனடாவில் திருடப்பட்ட கார்கள் பலவற்றின் பயணம் மொன்றியல் துறைமுகத்தை நோக்கியே அமைந்தது. கொள்கலன்களில் அடைக்கப்பட்டு, வேறு பொருட்கள் எனப் பதியப்பட்டு, அவை மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் கப்பலேறின. 2023 டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து 2024 மார்ச் இறுதி வரை அத்துறைமுகத்தில் நடத்தப்பட்ட சோதனைகளில் மட்டும் 598 திருட்டு வாகனங்கள் மீட்கப்பட்டன. கனடாவின் துறைமுகங்களுக்கெனத் தனியாக இயங்கிய பொலிஸ் பிரிவு 1997 இல் கலைக்கப்பட்டமையை இவ்விடத்தில் நினைவுபடுத்துவது பொருத்தமானது. வீட்டுக் கதவைப் பூட்டச் சொன்ன அரசு, நாட்டின் வாசற்கதவைத் திறந்தே வைத்திருந்தது.

திருடும் முறைகள்

முன்னைய காலத்துத் திருடன் கண்ணாடியை உடைத்தான்; கம்பிகளை இணைத்து இயந்திரத்தை இயக்கினான். இன்றைய திருடன் காரின் கணினியுடன் பேசுகின்றான்.

முதலாவது முறை, சாவியின் அலைவரிசையை நீட்டுவது. சட்டைப் பையில் இருக்கும்போதே கதவைத் திறக்கும் சாவி, குறுகிய தூரத்துக்கு மட்டும் சமிக்ஞை அனுப்பும். இருவர் வருவர். ஒருவர் வீட்டு வாசலருகே அன்ரெனா ஒன்றுடன் நிற்க, மற்றவர் காரின் அருகில் நிற்பார். வீட்டினுள் மேசைமீது கிடக்கும் சாவி தன்னருகே இருப்பதாகக் கார் ஏமாறும். கதவு திறக்கும், இயந்திரமும் இயங்கும். ஓடும் கார் இடைவழியில் நின்றுவிடக் கூடாது என்னும் பாதுகாப்புக் காரணத்தால், சாவி தொலைவில் போனபின்னரும் இயந்திரம் நிற்பதில்லை.

இரண்டாவது முறை, பழுது பார்ப்பதற்காகச் சாரதியின் காலடிப் பகுதியில் வைக்கப்பட்டுள்ள இணைப்புவாய் ஊடாகக் கணினிக்குள் நுழைந்து புதிய சாவியைப் பதிவு செய்வது. மூன்றாவது முறை, முன்விளக்கின் பின்னாலுள்ள கம்பிகளைத் தொட்டு, சரியான சாவி வந்துவிட்டது என்னும் பொய்ச் செய்தியைக் காரின் உள்வலையமைப்புக்குள் செலுத்துவது. 2022 இல் லண்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் காரே இம்முறையில் திருடப்பட்டது. துறைசார் நிபுணரின் காருக்கே இக்கதியெனில், சாதாரண மக்களிடம் விழிப்பை மட்டும் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

பூட்டுப் போட்ட காலங்கள்

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் வாகனங்கள் திருடப்பட்டன. சரியான சாவி இல்லாவிடில் இயந்திரத்தை இயங்கவிடாத இம்மொபிலைசர் என்னும் முடக்கி, 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் திருட்டுகள் வேகமாக வீழ்ச்சியடைந்தன. நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இக்கருவியால் கார்த் திருட்டு சுமார் 40 வீதம் குறைந்ததாகக் கணித்தது. கனடா 2007 செப்டெம்பரில் இதே விதியைக் கொண்டுவந்தது.

கனடாவின் வின்னிபெக் நகர அனுபவம் இன்னும் தெளிவானது. வட அமெரிக்காவிலேயே மிக மோசமான கார்த் திருட்டு நடந்த நகரங்களுள் ஒன்றாக அது ஒருகாலத்தில் விளங்கியது. அம்மாகாணத்தின் அரசாங்கக் காப்புறுதி நிறுவனம், திருட்டு அபாயம் மிகுந்த பழைய கார்களுக்கு இம்மொபிலைசரை இலவசமாகப் பொருத்தியதுடன், 2007 முதல் அதைக் கட்டாயமாகவும் ஆக்கியது. தொடர்ந்து திருடுவோர்மீதான கண்காணிப்பும் இணைந்தது. சில ஆண்டுகளுக்குள் திருட்டுகள் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகக் குறைந்தன.

மறுதலையான உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கின்றது. அங்கு இக்கருவி சட்டத்தால் கட்டாயமாக்கப்படவில்லை. 2015 ஆம் ஆண்டு மாதிரிகளில், ஏனைய நிறுவனங்களின் கார்களில் 96 வீதமானவை இக்கருவியைக் கொண்டிருக்க, ஹியுண்டாய், கியா கார்களில் 26 வீதமானவற்றில் மட்டுமே அது இருந்தது. 2021 முதல் இச்செய்தி காணொளிகள் மூலம் பரவவே, அக்கார்களைச் சிறுவர்களும் திருடத் தொடங்கினர். 2023 இல் அந்நிறுவனங்கள் சுமார் 80 இலட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் வழங்கவும், ஏறத்தாழ 20 கோடி டொலர் இழப்பீட்டுக்கு இணங்கவும் நேர்ந்தது.

உற்பத்தி நிறுவனங்களால் முடியாதது எதுவுமில்லை என்பதற்கு மேலே கூறிய ஹெல்கற் காரே சாட்சி. நான்கு இலக்கக் குறியீட்டைப் பதியாவிடின், 700 குதிரைவலுவுக்கும் மேற்பட்ட அந்த இயந்திரத்தை 3 குதிரைவலுவுக்கும் குறைவாக ஒடுக்கிவிடும் மென்பொருளை அதன் உற்பத்தியாளர் 2021 இல் இலவசமாக வழங்கினார். விற்பனையின் பின்னர் செய்ய முடிந்ததை விற்பனைக்கு முன்னரே செய்திருக்கலாம் அல்லவா?

உரிமையாளர் செய்யக்கூடியவை

இவை யாவும் மாறும்வரை எமது வாசகர்கள் சும்மா இருக்க இயலாது. ஒரே பூட்டை நம்பவேண்டாம் என்பதே முதல் விதி. ஒவ்வொரு தடையும் திருடனின் நேரத்தைத் தின்னும். நேரமே அவனுடைய எதிரி.

சாவியை வாசற்கதவின் அருகே வைக்காது, மூடியுள்ள தகரப் பெட்டியிலோ அலைகளைத் தடுக்கும் பையிலோ வையுங்கள். மேலதிகச் சாவியையும் மறவாதீர்கள். பையினுள் வைத்தபின் காரருகே சென்று கதவு திறக்கின்றதா எனச் சோதித்துப் பாருங்கள். ஸ்ரியரிங்கைப் பூட்டும் இரும்புத் தண்டு மலிவானது. கண்ணுக்குத் தெரிவதே அதன் பலம். காலடியிலுள்ள இணைப்புவாய்க்குப் பூட்டு உண்டு. மறைவிடத்தில் பொருத்தப்படும் மேலதிக முடக்கி இவற்றுள் மிகப் பயனுள்ளது; ஆனால் அனுபவமுள்ளவரைக் கொண்டே பொருத்தவேண்டும்.

துணிக்கூரை கொண்ட ஸ்போர்ட்ஸ் காரைக் கத்தியொன்றினாலேயே கிழித்துத் திறக்கலாம். ஆகவே அதனுள் பை, கைத்தொலைபேசி, சில்லறைக் காசு எதையும் விட்டுச் செல்லவேண்டாம். கூரையின் விலை களவு போகும் பொருளின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். எடை குறைந்த கார்களை இழுவை வண்டியில் ஏற்றியும் கொண்டுசெல்வர். கார் சரியும்போது ஒலியெழுப்பும் கருவி அதற்குரியது. குளிர்காலம் முழுவதும் காரை நிறுத்தி வைப்போர், மின்கலத்தைக் கழற்றினால் எச்சரிக்கை ஒலியும் செயலிழந்துவிடக்கூடும் என்பதைக் கவனிக்கவும்.

இருப்பிடம் காட்டும் சிறு கருவியை மறைத்து வைப்பது நன்று. ஆனால் களவு போன கார் நிற்கும் இடம் தெரிந்தாலும் நீங்கள் தனியே செல்லவேண்டாம். பொலிஸாருக்கு அறிவியுங்கள். ரொறன்ரோவில் 2024 இன் தொடக்கத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவர், திருடர்கள் வீட்டினுள் புகுந்து தாக்குவதைத் தவிர்க்கச் சாவியை முன்வாசலருகே வைத்துவிடும்படி கூறியது பெரும் கண்டனத்துக்குள்ளாகியது. அவ்வாறு வைப்பதை நாம் ஏற்கவில்லை. எனினும் எந்தக் காரும் உயிருக்கு ஈடாகாது.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்புறுதி மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் கிடைக்காது. கடனிலோ குத்தகையிலோ பெற்ற கார் களவு போனாலும் மாதத் தவணை உடனே நின்றுவிடுவதில்லை.

எமது இளைஞர்களுக்கு

இவ்விடயத்தில் நாம் அதிகம் அஞ்சுவது கார் இழப்பை அன்று. கும்பல்களின் தலைவர்கள் திரைமறைவில் இருக்க, காரை எடுத்துச் செல்வதற்கும் இடம் மாற்றுவதற்கும் இளைஞர்களே ஏவப்படுகின்றனர். சில நூறு அல்லது சில ஆயிரம் டொலர் அவர்களுக்குக் கிடைக்கும். பிடிபடுபவர்களும் அவர்களே.

கனடாவின் குற்றவியல் சட்டப்படி வாகனத் திருட்டுக்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டமோ, அதிகபட்சமாக 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்ட, குடியுரிமை பெறாத ஒருவரை, பாரிய குற்றச் செயலுக்காக நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் எனக் கொள்கின்றது. நீதிமன்றம் உண்மையில் குறைந்த தண்டனை விதித்திருப்பினும் இது பொருந்தும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் மேன்முறையீட்டு வாய்ப்பும் பறிபோகும். இத்தகைய தீர்ப்புப் பெற்றவரின் அகதி விண்ணப்பம் விசாரணைக்கே தகுதியற்றதாக முடியலாம். பெற்றோர் கடல் கடந்து ஈட்டிய பாதுகாப்பை மகன் ஓர் இரவில் இழக்கலாம். 2024 யூனில் நிறைவேறிய திருத்தங்கள், குற்றக் கும்பல்களுக்காகவோ வன்முறையுடனோ நடக்கும் திருட்டுக்கு 14 ஆண்டு வரை தண்டனை விதிக்க இடமளித்துள்ளன.

திருடாமலே சிக்கிக்கொள்வோரும் உண்டு. உங்கள் பெயரில் கார் ஒன்றைக் கடனுக்கு எடுத்துத் தந்தால் பணம் தருவதாகக் கூறுவோரை நம்பவேண்டாம். கார் கப்பலேறியபின் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். அதுபோலவே, சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்கப்படும் பழைய காரில் எச்சரிக்கை தேவை. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வாகன அடையாள இலக்கத்தை மாற்றித் திருட்டுக் கார்களை விற்கின்றனர். முன்கண்ணாடியின் கீழும் கதவோரத்திலும் பதிவுப் பத்திரத்திலும் உள்ள இலக்கங்களை ஒப்பிடுங்கள். காரின் கணினியில் உள்ள இலக்கத்தையும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். திருட்டுக் கார் எனத் தெரியவந்தால் பொலிஸார் அதை எடுத்துச் செல்வர். கொடுத்த பணம் திரும்புவது அரிது.

2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டப்பட்டதும், துறைமுகச் சோதனைகள் இறுகியதும், அவ்வாண்டில் கனடாவின் கார்த் திருட்டுகள் முன்னைய ஆண்டைவிட ஏறத்தாழ 19 வீதம் குறைந்தன. மக்கள் குரல் எழுப்பியதனால் அரசு அசைந்தது. அரசு அசைந்ததனால் திருட்டுக் குறைந்தது. எனினும் 2007 இல் நடைமுறைக்கு வந்த முடக்கி விதி, இன்றைய கணினித் திருட்டுக்கு ஈடுகொடுக்கும் வகையில் புதுப்பிக்கப்பட வேண்டும். எமது வாக்குகளைக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளர்களிடம், வேலைவாய்ப்பு, வீட்டு வாடகை பற்றிக் கேட்பதுடன் இதனையும் கேட்போம். ஸ்ரியரிங் பூட்டை நாம் வாங்குவோம். காருக்குள் இருக்கவேண்டிய பூட்டை அதைச் செய்தவர்களும், துறைமுகத்துப் பூட்டை அரசும் போடட்டும்.