புட்டு தானா அவியிறதில்லை

மழை பெய்தால் போதும். பேஸ்புக்கைத் திறந்தால் யாராவது ஒருவர் படம் போட்டிருப்பார். நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டின புட்டு, பக்கத்தில் சம்பல், ஒரு பொரிச்ச மிளகாய், வாழையிலை. மேலே ஒரு வரி: 'அம்மாட கைப்பக்குவத்துக்கு ஈடாகுமா?' கீழே நூறு இதயம். ரொறன்ரோவில் இருந்து ஒருத்தர் 'வாயூறுது மச்சான்' என்று எழுதுவார். லண்டனில் இருந்து ஒருத்தர் 'கடைச் சாப்பாட்டை விட்டு எல்லாரும் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேணும்' என்று அறிவுரை சொல்லுவார்.

அந்தப் படத்தில் அம்மா இருக்க மாட்டா. அவ அடுப்படியில் அடுத்த பெட்டிக்கு மா போட்டுக்கொண்டிருப்பா.

இதை மற்றவர்களைக் குற்றம் சொல்வதற்காக நாங்கள் எழுதவில்லை. முதற் குற்றவாளிகள் நாங்களே. எங்கட வாசிப்புக் கூட்டங்கள் பெரும்பாலும் யாராவது ஒருவரின் வீட்டு விறாந்தையில்தான் நடக்கும். ஒரு நாள் பின்னேரம் பெண்களின் ஊதியமற்ற உழைப்பைப் பற்றி மூன்று மணித்தியாலம் சண்டை பிடித்தோம். நல்ல சண்டை. இருட்டினதும் உள்ளே இருந்து 'பிள்ளையள், கையைக் கழுவிப்போட்டு வாங்கோ' என்று ஒரு குரல் வந்தது. பன்னிரண்டு பேருக்குப் புட்டு, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். சாப்பிட்டோம். 'அன்ரி, சூப்பர்' என்றோம். வீட்டுக்குப் போய்விட்டோம். பாதி வழியில்தான் எங்களில் ஒருத்திக்கு உறைத்தது: நாங்கள் மூன்று மணித்தியாலம் கதைத்த விசயத்தை அந்த மனிசி சுவருக்கு அந்தப் பக்கம் அதே மூன்று மணித்தியாலமும் செய்துகொண்டிருந்திருக்கிறா.

அன்றைக்கு எழும்பின கோபத்தின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

எளிய சாப்பாடு எண்டது ஆருக்கு?

புட்டை 'சிம்பிளான சாப்பாடு' என்கிறோம். தின்கிறவனுக்கு அது சிம்பிள்தான். செய்கிற பக்கம் இருந்து ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். பச்சையரிசியைக் களைந்து ஊறவைக்க வேணும். வடித்து, இடிக்க வேணும் அல்லது மில்லுக்குக் கொண்டுபோக வேணும். அரிக்க வேணும். தாச்சியில் கை ஓயாமல் வறுக்க வேணும், கொஞ்சம் அசந்தால் கருகும். ஆறவிட்டு மறுபடி அரித்துப் பேணியில் அடைக்க வேணும். இது மாவுக்கு மட்டும்.

பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணி கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, பேணி விளிம்பால் கொத்தி, தேங்காய் துருவி, அவித்து, கொட்டி, மறுபடி அவித்து. சம்பலுக்கு அம்மி. சொதிக்குப் பால் பிழிய வேணும். கடைசியில் பானை, பெட்டி, அரிதட்டு, துருவலை எல்லாம் கழுவ வேணும். இதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கு, அதை ஒருத்தரும் வேலையாக எண்ணுவதே இல்லை: 'இரவைக்கு என்ன?' என்று பின்னேரம் நாலு மணிக்கே யோசிக்கிறது. தேங்காய் இருக்கா, மா முடியப்போகுதா, மகனுக்குச் சொதி கட்டியாக வேணும், அவருக்கு உறைப்புக் கூடாது. இந்தக் கணக்கு முழுக்க ஒரு ஆளின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

மனத்துக்கு ஆறுதல் தருகிற சாப்பாடு என்கிறோமே, அந்த ஆறுதல் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் போகிறது.

கைப்பக்குவம் என்ற பூட்டு

'கைப்பக்குவம்' என்ற சொல்லோடுதான் எங்களுக்கு முதல் வழக்கு. பாராட்டு மாதிரித்தான் கேட்கும். ஆனால் அது செய்யிற வேலை வேறு. அறிவை எடுத்து உடம்புக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. 'அது அவவின்ட கை' என்று சொல்லிவிட்டால், அது படிக்கக்கூடிய விசயம் இல்லை என்று ஆகிவிடும். படிக்க முடியாது என்றால் நான் படிக்கத் தேவையில்லை. அவதான் சாகும்வரை செய்ய வேணும்.

அந்தக் கைக்குள் உண்மையில் என்ன இருக்கு? அளவு இருக்கு, சூடு இருக்கு, நேரம் இருக்கு. வறுத்த அரிசிமாவுக்குக் கொதித்து இறக்கின தண்ணி வேணும். அவிச்ச கோதுமை மாவுக்குக் கொதி ஆறின தண்ணி போதும், இல்லாவிட்டால் களியாகிவிடும். சொதிக்கு முதற்பால் விட்ட பிறகு துழாவிக்கொண்டே இருந்து, நுரைத்து வரும்போது இறக்க வேணும். விட்டுப்போட்டு போனைப் பார்த்தால் திரைஞ்சு போகும். தேசிக்காய்ப் புளியை இறக்கின பிறகுதான் விட வேணும். இதெல்லாம் பிழை விட்டுப் பிழை விட்டுப் படித்த அறிவு. பள்ளிக்கூட இரசாயனப் பாடத்தை விட இது கஸ்டமில்லை. ஏ.எல்.லில் சேதன இரசாயனம் பாடமாக்கினவனுக்குச் சொதி காய்ச்ச வராது என்றால், வராதது மூளைக்கு இல்லை.

அடுத்த விசயம். 'பெண்ணின் கை' என்று இவ்வளவு பெரிதாகப் பேசுகிற எங்கட ஊரில், கலியாண வீட்டுச் சமையலுக்கு ஆரைப் பிடிக்கிறோம்? கோயில் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏத்துகிறது ஆர்? பெரும்பாலும் ஆம்பிளையள். காசும் பேரும் உள்ள இடத்தில் சமையல் ஆம்பிளையின்ட தொழில். காசும் பேரும் இல்லாத இடத்தில் அது பெண்ணின்ட பாசம். அந்தக் கை எங்கிருந்து எங்கே மாறுது என்று பாருங்கோ.

கடல் தாண்டினால் இன்னொரு அதிசயம் நடக்கும். வீட்டில் தேத்தண்ணி கூடப் போடத் தெரியாத பெடியன் பாரிசுக்குப் போய் ஆறு மாதத்தில் உணவகக் குசினியில் நிற்பான். லண்டன் அறையில் நாலு பேருக்கு முறை வைத்துச் சமைப்பான். நல்லாவும் சமைப்பான். லீவுக்கு ஊருக்கு வந்தால் மறுபடி விறாந்தைக் கதிரையில் இருந்து 'அம்மா, தேத்தண்ணி' என்பான். அவனுடைய கை விமானநிலையத்திலேயே நின்றுவிட்டதா?

'அந்தக் காலத்தில…' என்கிறவர்களுக்கு

எங்கட சந்ததி பைக்கற் மாவையும் நூடில்ஸையும் நம்பிக் கெட்டுப்போய்விட்டது, பாரம்பரியம் அழியுது என்று ஒரு புலம்பல் இருக்கு. மெத்தப் பிழையான புலம்பல் என்று சொல்ல மாட்டோம். ஆனால் பாரம்பரியம் என்று சொல்கிற புட்டைக் கொஞ்சம் கிண்டிப் பாருங்கோ. அதில் பாதி கோதுமை மா. கோதுமை இந்தத் தீவில் விளையிறதில்லை. கப்பலில் வந்த மா அது. 'அமெரிக்கன் மா' என்று எங்கட அம்மம்மாக்கள் அதற்குப் பேரே வைத்திருந்தார்கள். 1980 அளவில் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கின பிறகு அது இன்னும் மலிந்தது. வந்த மாவை அப்படியே குழைத்தால் புட்டு வராது என்று கண்டு, அதை அவித்து, அரித்து, அரிசிமாவோடு கலந்து, எங்கட சாப்பாடாக மாத்தினது ஆர்? அடுப்படியில் நின்ற பெண்கள். ஆகவே பாரம்பரியம் என்று நீங்கள் கும்பிடுகிற பொருள், கிடைத்ததை வைத்துச் சமாளித்த பெண்களின் புதுக் கண்டுபிடிப்பு. அதைக் காப்பாத்துகிற வேலையையும் அவர்களின் தலையிலேயே கட்டாதீர்கள்.

சமாளித்த கதை அதோடு முடியவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. மூலையில் கிடந்த உரலும் உலக்கையும் மறுபடி முற்றத்துக்கு வந்தன. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசை, மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு; கொழும்பு மாடி வீட்டுக்காரர்கூட விறகு தேடினார்கள். நாட்டில் எது முறிந்தாலும் அந்த முறிவு கடைசியில் வந்து விழுகிற இடம் குசினி. அப்போது நாங்கள் 'உரல் சம்பல் தனி ருசி' என்று படம் போட்டோம். உலக்கை பிடித்த கையில் கொப்புளம் வந்ததை ஒருத்தரும் போடவில்லை.

சாப்பாடு சின்ன விசயம், இதிலே என்ன அரசியல் என்று எங்களிடம் யாரும் சொல்ல வேண்டாம். 2009இல் முள்ளிவாய்க்காலில் உயிரைப் பிடித்துவைத்தது தண்ணியும் அரிசியும் உப்பும் போட்ட கஞ்சி. 2024 மே மாதம் சம்பூரில் அந்தக் கஞ்சியை நினைவாகக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டார்கள். ஒரு பானைக் கஞ்சிக்கு அரசு பயப்படுகிறது. அந்தப் பானையைத் துழாவுகிற கையைப் பற்றி நாங்கள் ஏன் கதைக்கக் கூடாது?

சரி, கடையில் வாங்கினால்?

'அம்மாவுக்குக் கஸ்டம் எண்டால் கடையில வாங்குவம்' என்று ஒரு நண்பர் சொன்னார். வாங்கலாம், பாவமில்லை. ஆனால் கடைக்குப் பின்னாலும் ஒரு குசினி இருக்கு. விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிந்து கடைக்குக் கொடுக்கிறதும் பெரும்பாலும் ஒரு பெண்தான். தட்டு ஒன்றுக்கு அவவுக்கு என்ன கிடைக்குது என்று கேட்டுப் பாருங்கோ.

வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற 'அம்மாச்சி' உணவகங்கள் இருக்கு. எங்களுக்கு அவற்றில் பெருவிருப்பம். அங்கே அதே புட்டு, அதே அப்பம், அதே கூழ். வித்தியாசம் ஒன்றுதான்: விலைப் பட்டியல் தொங்குது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதுதான் வீட்டில் இத்தனை வருசமாகக் கணக்கில் வராமல் போனது எவ்வளவு என்று விளங்கும். அங்கேகூடப் பேர் 'அம்மாச்சி' தான் என்பதையும் கவனியுங்கோ. சம்பளத்துக்கு வேலை செய்யிற பெண்ணையும் எங்களால் அம்மாச்சி ஆக்காமல் பார்க்க முடியவில்லை.

'அம்மாதான் விடுறா இல்லை'

இதுதான் எங்கட பெடியளின் கடைசிக் கோட்டை. உண்மையும்கூட. 'நீ போ, நான் செய்யிறன், நீ குசினியை நாசமாக்கிப்போடுவாய்' என்று அம்மாமார் துரத்துவார்கள். அவவைக் குறை சொல்லாதீர்கள். வீட்டிலே அவவின் சொல் எடுபடுகிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். சமைக்க அவவுக்கு விருப்பமும் இருக்கலாம். அந்த அன்பைப் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. 'இண்டைக்கு ஏலாது' என்று சொல்ல முடிகிற அன்பாக அது இருக்கட்டும் என்கிறோம். காய்ச்சல் நாளிலும் எழும்பி மா குழைத்தே ஆக வேணும் என்றால் அதற்குப் பேர் வேறு.

அதனால் 'உதவி செய்யவா?' என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை அவவுடையது என்று அர்த்தம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி வைத்து, பத்துப் பாத்திரத்தை ஊத்தையாக்கி, படம் போட்டு, கழுவாமல் எழும்பிப் போகிற வீரமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு முழுப் பொறுப்பு எடுங்கோ. 'இரவைக்கு என்ன?' என்ற யோசனையில் தொடங்கி, அடுப்பு மேடை துடைக்கிறது வரை.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு, நாங்கள் பிழை விட்டுப் படித்தது இது. இரண்டு கப் வறுத்த அரிசிமா. பைக்கற் மா என்றாலும் பரவாயில்லை, முதல் நாளே உரலைத் தேட வேண்டாம். அதற்கு ஒரு கப் அளவு கொதிதண்ணி, உப்புப் போட்டு. முழுக்க ஒரேயடியாக விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கோ. கையை விட்டால் வேகும். பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர வேணும். மாவுக்கு மா தண்ணி கூடிக் குறையும், அதனால் கப்பை விட விரலை நம்புங்கோ. கட்டி கட்டியாக வந்தால் பேணி விளிம்பால் கொத்துங்கோ. களியாகிப் போனால் இன்னும் கொஞ்சம் மா தூவுங்கோ. தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் போட்டு, மேலால் நல்லா ஆவி பறந்த பிறகு இறக்குங்கோ. எங்கட முதல் புட்டு நாய்க்குத்தான் போனது. மூன்றாவது புட்டை மனிசர் சாப்பிட்டார்கள்.

முக்கியமான விசயம் ஒன்று. சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் 'எப்பிடி இருக்கு?' என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இத்தனை வருசம் அவ செய்ததற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? 'உப்புக் குறைவு' என்றுதானே.

எங்கட அடுத்த வாசிப்புக் கூட்டம் அதே வீட்டு விறாந்தையில்தான். இந்த முறை தேங்காயும் மாவும் நாங்கள் கொண்டுபோகிறோம். குசினிக்குள் யார் போவது என்று முறைப் பட்டியல் போட்டாச்சு. முதல் மூன்று பேரும் பெடியள். அன்ரி விறாந்தைக் கதிரையில் இருந்து கூட்டத்தில் கதைக்கப்போறா. ஊதியமற்ற உழைப்பைப் பற்றி எங்கள் எல்லாரையும் விட அவவுக்குக் கூடத் தெரியும்.