புட்டா அட்டையும் புரோகிராம் பேட்டர்னும்



ஆரணியில் பட்டுத்தறி உள்ள வீட்டிற்குள் நீங்கள் சென்றதுண்டா? தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியும், அதில் கோத்த துளை அட்டைகளும் தொங்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் பாவு இழை உயரும்; அல்லாத இடத்தில் தாழ்ந்தே நிற்கும். அதே அட்டைகளை வேறொரு தறியில் ஏற்றினாலும் அதே புட்டாதான் விழும்.

கணினி பயிலும் நம் பிள்ளைகள் 'டிசைன் பேட்டர்ன்' என்பதையும் இப்படிப்பட்ட அட்டை என்றே எண்ணிவிடுகின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. அடிக்கடி எழும் ஒரு சிக்கலுக்குப் பலரும் கையாண்டு தேர்ந்த தீர்வின் பெயரே பேட்டர்ன். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977-ல் வீடு, தெரு, ஊர் ஆகியவற்றுக்கென 253 பேட்டர்ன்களைத் தொகுத்தார். அவ்வழியில் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் என்னும் நால்வர் 1994-ல் வெளியிட்ட நூலில் மென்பொருளுக்கென 23 உள்ளன.

அந்த 23 பெயர்களையும் உங்கள் மகள் தடையின்றி ஒப்பிக்கக்கூடும். "எங்கே பயன்படுத்தக் கூடாது?" என்று நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வாள்?

பட்டுக்கடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சரிகை விலை மாறினால் அடக்கவிலை, விற்பனைச் சீட்டு, இருப்பு மதிப்பு மூன்றும் மாறவேண்டும். விலைப் பகுதிக்குள்ளேயே இம்மூன்றின் பெயரையும் எழுதிவிட்டால், நான்காவது வரும்போது அதையும் பிரித்து எழுத நேரும். "வேண்டியோர் பதிந்துகொள்க, மாறினால் சொல்லியனுப்புவேன்" என அமைத்தால் அத்தொல்லை இல்லை. இதுவே 'அப்சர்வர்'. ஆனால் ஒரு சிறு மாற்றம் எங்கெங்கோ வேறு மாற்றங்களைக் கிளப்பிவிடும். காரணம் தேடுவது கடினமாகும். இதை நால்வரும் 'விளைவுகள்' என்ற பகுதியில் எழுதியே வைத்துள்ளனர். மாணவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டி மாதிரி நிரலுக்கே ஓடிவிடுகின்றனர். (அந்நிரல்களோ சி பிளஸ் பிளஸ், ஸ்மால்டாக் மொழிகளில் உள்ளவை, பைத்தான் பயில்பவர் தம் மொழியில் திருப்பி எழுதினால்தான் பொருள் விளங்கும்.)

உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மகளை நூலை மூடிவைத்துவிட்டு, முதலில் பேட்டர்ன் இன்றியே அக்கணக்கை எழுதச் சொல்லுங்கள். பின்னர் நான்காவதாக, வாடிக்கையாளருக்கு விலை மாற்றம் தெரிவிக்கும் பகுதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எத்தனை இடங்களில் கை வைத்தாள் என எண்ணிக்கொள்ளுங்கள். அதன்பின் நூலைத் திறந்து, அப்சர்வரைக் கொண்டு மீண்டும் எழுதட்டும், மறுபடியும் எண்ணுங்கள்.