கத்தி போச்சு, ஸ்பேனர் யார் கையில்?

நெல்லிக்குப்பத்தில் 1842இல் சர்க்கரை ஆலை தொடங்கியதாகப் பாரி கம்பெனி சொல்கிறது. இந்தப் பக்கத்தில் கரும்பு வெட்டி முதுகு வளைந்தவர்களில் சேரி ஜனங்கள் ஏராளம். என் அப்பாவும் அதில் ஒருவர். "அடியிலதாண்டா சர்க்கரை. தரையோட ஒட்டி வெட்டு. உசத்தி வெட்டினா மறுதாம்பு கெட்டுப்போவும்" என்பார். அதை யாரும் தொழில்நுட்பம் என்று சொன்னதில்லை. கூலி வேலை என்றார்கள்.

இப்போது வயலில் அறுவடை மிஷின் இறங்குகிறது. தோகையை ஊதித் தள்ளி, கரும்பைத் துண்டு போட்டு வண்டியில் கொட்டுகிறது. முதுகொடிக்கும் வேலை ஒழிவதற்காக நான் அழமாட்டேன். ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் சாக்கடைக் குழியில் நம் ஆட்கள் சாகிறார்கள். அங்கே வரத் தயங்குகிற மிஷின், கூலி உயர்த்திக் கேட்கிற இடத்துக்கு மட்டும் ஓடி வருவதேன்?

தோழர்களே, அந்த மிஷினின் அடிக்கத்தியை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கும் அப்பாவின் அறிவுதான் வேண்டியிருக்கிறது. அதோடு ஹைட்ராலிக் பழுது பார்க்கவும், டீசல் கணக்குப் போடவும், ஒப்பந்தத்தைப் படித்துக் கேள்வி கேட்கவும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும். ஓட்ட மட்டும் தெரிந்தவனை அடுத்த மிஷின் வெளியே தள்ளிவிடும். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனை அவ்வளவு லேசில் தள்ள முடியாது.

கடலூர் அரசு ஐ.டி.ஐ.யில் பெண்பிள்ளைகளையும் சேர்ப்போம். மிஷின் விலை கோடி ரூபாய் அளவில் போகிறது, தனியாளால் ஆகாது. வெட்டு ஆட்கள் குழுவாகச் சேர்ந்து தாட்கோவிடம் கடன் கேட்போம். 1974இல் அந்தக் கழகம் நமக்காகத்தானே வந்தது? கேட்டால் என்ன?