சும்மா இருக்கும் நேரத்தின் கூலி

வயர் கூடை மறுபடியும் தெருவுக்கு வந்துவிட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். பரணில் தூசி படிந்து கிடந்த கூடைகள் ஒவ்வொன்றாகக் காய்கறிக் கடைக்குக் கிளம்பின. வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டால், ஆமாம்தான். ஆனால் ஒழுங்காகப் பின்னிய கூடை பத்து வருஷம் உழைக்கும்.

கூடையோடு அதைப் பின்னும் கைகளும் திரும்பி வந்தன. பாட்டியிடம் சிவன் கண்ணும் நெல்லிக்காய் முடிச்சும் கற்றுக்கொண்ட பெண்கள், மத்தியான வேளையில் பின்னியதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். முதல் ஆர்டர் பெரும்பாலும் நாத்தனார் வீட்டிலிருந்து வரும். பொழுதுபோக்கு தொழிலாக மாறத் தொடங்குவது இங்கேதான். கணக்கு பிசகத் தொடங்குவதும் இங்கேதான்.

ஒரு நடுத்தரக் கூடையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயர், கைப்பிடி, அடியில் வைக்கும் குமிழ் எல்லாம் சேர்த்து 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பது 400 ரூபாய்க்கு. ‘180 ரூபாய் லாபம்’ என்று வீட்டில் சந்தோஷம். பின்ன எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. 12 மணி நேரம் என்றால், மணிக்கு 15 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, விரல் நுனி காய்த்துப்போனால் கிடைப்பது 120 ரூபாய். 2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்த 180 லாபமே அல்ல, கூலி. அதுவும் அரைக்கூலிக்கும் கீழே.

இதற்குக் காரணம் சந்தை மட்டுமல்ல. “சும்மா இருக்கிற நேரத்துலதானே பின்றே” என்ற வீட்டுப் பேச்சுக்கும் இதில் பங்குண்டு. வாங்க வருபவரும் அதையே வேறு விதமாகச் சொல்கிறார்: “நமக்குள்ள என்னங்க, பார்த்துப் போட்டுக் கொடுங்க.” பின்னுகிறவரும் கூச்சப்பட்டுக் குறைத்துவிடுகிறார்.

ஆரி வேலை செய்பவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கைக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, ஜர்தோசி வைத்தால் இவ்வளவு என்று கறாராகச் சொல்வார். ஆயிரக்கணக்கில் கேட்டாலும் கொடுக்கிறார்கள். கூடைப் பின்னலைவிட ஆரி கஷ்டமானது என்பது மட்டுமே இதற்குக் காரணமல்ல. தையல்கூலி என்ற சொல் எல்லோர் காதுக்கும் பழகிய சொல். கூடையோ வீட்டுச் சாமானாகவே இருந்துவிட்டது.

வீட்டுச் சாமானாக இருந்த ஒன்று கூலி பெறும் பொருளாக மாறியதற்குச் செட்டிநாட்டுக் கொட்டான் நல்ல சாட்சி. பனையோலையைச் சீவி, சாயம் ஏற்றி, ஆச்சிமார் தங்கள் வீட்டுச் சடங்குகளுக்காகப் பின்னிய கூடை அது. விற்பனைக்கு என்று யாரும் நினைத்ததில்லை. பின்னும் கைகள் அருகிப்போன நேரத்தில், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. அளவும் நிறமும் வடிவமும் இன்றைய வீடுகளுக்கு ஏற்றபடி மாறின. பிறகு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓலை அதேதான், மடிப்பும் அதேதான். பின்னுவது சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்பதுதான் புதிது.

அரசுப் பக்கத்தில் கதவுகள் மூடியிருக்கவில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசின் தளமல்ல என்று தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பயமும் பொதுவாக வேண்டாம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. வயது 35 ஆகியிருக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் மணிக்கு 15 ரூபாய் ஈட்டும் தொழிலில் கடனைக் கொண்டுபோய்க் கொட்டினால், அந்த 15 ரூபாயிலிருந்துதான் தவணையும் கட்ட வேண்டும். ஆகவே முதலில் விலை, பிறகு கடன்.

விலையைச் சரிசெய்யும் வேலையை, வேடிக்கையாக, பெரிய ஆர்டர்களே செய்துவிடுகின்றன. கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதிலாக 200 குட்டிக் கூடைகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றாலும் மொத்தம் 300 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் பின்னினால் 60 நாள் ஆகும். முகூர்த்தத்துக்கு இருப்பதோ 40 நாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, வயரை அளந்து வெட்டுவதற்கு முன்னால் கேட்பார்: “ஒரு கூடைக்கு எவ்வளவுக்கா தருவீங்க?”