கன்னெய்க் கலப்பைத் தமிழிற் கூறுக!

பெட்ரோல் எனும் கன்னெய்யின் ஆக்டேன் எண் ஆற்றலின் அளவன்று; பொறியுள் அது தானே தீப்பற்றித் தட்டாமல் தாங்கும் அளவே. அவ்வெண்ணை உயர்த்த முன்னர்க் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது; இந்தியாவில் 2000-இல்தான் நீங்கிற்று.

இன்று அவ்வெண்ணை உயர்த்துவது எத்தனால் எனும் எரிசாராயம். 2025-இல் கலப்பு நூற்றுக்கு 20 ஆகி, எண்ணும் 91-இலிருந்து 95 ஆயிற்று. புகையிற் கரிநஞ்சு குறைவதை மறுக்கவில்லை. ஆனால், அதற்கெனச் செய்யப்படாத பழைய ஈருருளிக்கு இவ்வுயர்வால் ஊதியமில்லை. எரிசாராயத்தின் வெப்பம் கன்னெய்யினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாகலின் ஓடுந்தொலைவு குறையும். பழைய குழாய்களும் அடைப்பு வளையங்களும் நைந்துபோகலாம்.

முழுநிலவுதோறும் சிற்றூர்களிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் உழவர்க்கு 'இ20' எனும் குறி என்ன சொல்லும்? கலப்பின் அளவையும் அதனால் வரும் கேட்டையும் விற்பனை நிலையந்தோறும் தமிழில் எழுதி வைக்க!