லாஸ்ட் நேம் இல்லாதவர்கள் ஆள் இல்லையா?

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு வந்திருந்தார். ஒரு கம்பெனி வேலைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டர் போயிருக்கிறார்கள். 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். இனிஷியலைப் போட்டால் இரண்டு எழுத்தாவது வேண்டும் என்கிறது. புள்ளி வைத்தால் ஏற்கவில்லை. கடைசியில் அங்கிருந்த பையன் கேட்டானாம்: "சாதிப் பேரைப் போட்டுடவாக்கா?"

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கட்டத்தின் மேல்தான்.

நம் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெரியவர்கள் விட்டதை ஒரு கட்டம் திரும்பக் கேட்கிறது.

கேட்டால், "டிஃபால்ட் அப்படித்தான் சார்" என்கிறீர்கள். டிஃபால்ட் வானத்திலிருந்து விழவில்லை. புதிதாக ஓர் ஆளைப் பதிந்தால் அந்தப் பதிவில் என்னென்ன கட்டம் இருக்க வேண்டும், எது கட்டாயம் என்று யாரோ ஒருவர் முன்பே அமைத்து வைத்தது அது. குடும்பப் பெயர் உள்ள ஊருக்கு அது சரி. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து போதும்.

வெளிநாடு போக வேண்டாமா என்பீர்கள். இந்திய பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் இடத்தைக் காலியாக விடலாம். அப்படிப் போனால் அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சிடுகிறார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பெயரோடு நிற்கும் பிள்ளைக்குப் பெயர் தெரியாதாம்! அமெரிக்காவை நாம் மாற்ற முடியாது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்காக நீங்கள் செய்யும் படிவத்தையுமா மாற்ற முடியாது?

அந்தப் பெண் கடைசியில் அப்பா பெயரை முழுதாகப் போட்டாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது இனிஷியல். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இரண்டும் ஒருவர்தான் என்று அவள் நிரூபிக்க வேண்டும். யார் செய்த தப்புக்கு?

வருகைப் பதிவேட்டில் 'பெயர்' என்று ஒரே கட்டம்தான் வைத்திருந்தோம். அதில் எல்லாப் பிள்ளையும் அடங்கியது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், முடிந்தவரை முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள் என்றுதான் சொல்கிறது. இரண்டு கட்டம் வேண்டும் என்றால் அந்த நட்சத்திரத்தையாவது எடுங்கள். ஓர் எழுத்தையும் புள்ளியையும் ஏற்கச் செய்யுங்கள்.

மாற்றும் அதிகாரம் இல்லாதவர்கள் அடுத்த மீட்டிங்கில் கையைத் தூக்கிக் கேளுங்கள். வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்கப் பழக்கியது இதற்கும் சேர்த்துத்தான்.